படத்தோடு நிரலையும் கேளுங்கள்: மரபணுத்தொகை ஆய்வேடுகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிர்தொழில்நுட்பம், உயிர்த்தகவலியல், வேளாண் உயிரியல் துறைகளின் நெறியாளர்களுக்கும், டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று அளக்கும் முறை) தரவை வைத்து எழுதப்படும் ஆய்வேட்டில், ஒவ்வொரு படத்துக்கும் மூன்று இணைப்புகளைக் கேளுங்கள்: படத்தை வரைந்த நிரல், அந்த நிரல் படித்த எண்ணிக்கை அட்டவணை (ஒவ்வொரு மாதிரியிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் கிடைத்த ரீடுகளை, அதாவது கருவி வாசித்த சிறு துண்டுகளை, எண்ணியது), எந்த மாதிரி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லும் மாதிரி விவர அட்டவணை. இவை இல்லாத படத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இது பிடிவாதமாகத் தோன்றலாம். இப்போது நடப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மாணவர் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, உலர்பனியில் வைத்து வெளி நிறுவனத்துக்கு அனுப்புகிறார். சில வாரம் கழித்து ஒரு டவுன்லோட் இணைப்பு வருகிறது. அதற்குள் மூல ரீடுகள் அடங்கிய ஃபாஸ்ட்க்யூ கோப்புகள், ஏழெட்டு எக்செல் தாள்கள், வால்கனோ பிளாட் (மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தைப் புள்ளிகளாகக் காட்டும் படம்), ஹீட்மேப் (அதையே வண்ணக் கட்டங்களாகக் காட்டும் படம்) எல்லாம் அடங்கிய ஒரு பி.டி.எஃப். அறிக்கை. அந்த அறிக்கையிலிருந்து வெட்டியெடுத்த படங்கள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் ஆகின்றன. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் குழுவை அடிப்படையாக வைத்து ஒப்பிட்டது என்று வைவாவில் கேட்டால், "நிறுவனம்தான் செய்தது" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

படத்தை மட்டும் பார்த்து எந்தெந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

எக்செல்லிலிருந்து தொடங்கலாம். செப்டின் குடும்பத்தைச் சேர்ந்த "செப்ட்2" மரபணு சி.எஸ்.வி. கோப்பில் சரியாகவே இருக்கும். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்த நொடியில் எக்செல் அதைச் செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொண்டு "2-செப்" ஆக்கிவிடும். சேமித்து மூடிவிட்டால் பழைய பெயர் போனதுதான். "மார்ச்1", "மார்க்1" என்று இரண்டு வேறு மரபணுக்கள் இருந்தன. இரண்டுமே "1-மார்" ஆகிவிடும் என்பதால் பின்னால் ஊகித்துத் திருத்தவும் வழி கிடையாது. எலி மரபணுக்களுக்கான ரிக்கென் குறியீடுகள் சிலவற்றில் எண்களுக்கு நடுவே "இ" எழுத்து வரும். எக்செல் அதைப் பத்தின் அடுக்காகக் கருதி, முழுக் குறியீட்டையும் ஒரு பெரிய எண்ணாக்கிவிடும்.

இந்தச் சிக்கலைப் பற்றி 2004இலேயே கட்டுரை வந்துவிட்டது. 2016இல் மார்க் சீமனும் உடன் ஆய்வாளர்களும் மரபணுப் பட்டியலை எக்செல் இணைப்பாகத் தந்த 3,597 ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இதே பிழை இருந்தது. எக்செல் மாறக் காத்திருந்து அலுத்துப்போய், 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. செப்ட்2 இப்போது செப்டின்2, மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. ஒரு கணக்குத் தாளுக்காக மனித மரபணுக்கள் பெயர் மாறிய கதை இது. 2023இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது. பழைய பதிப்பு ஓடும் ஆய்வகக் கணினிகளில் அந்த வசதி இல்லை.

தீர்வு எளிது. பகுப்பாய்வு முழுக்க, என்செம்பிள் தரவுத்தளம் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும். மரபணுப் பெயரைக் கடைசியில், படத்தில் எழுதுவதற்கு மட்டும் சேர்க்க வேண்டும். எக்செல்லில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, பெயர் நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று குறிக்கலாம். நெல்லில் வேலை செய்வோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே நெல் மரபணுவுக்கு எம்.எஸ்.யு. முறையில் ஒரு குறியீடு, ராப் முறையில் வேறொரு குறியீடு. முதல் வகை "லாக்_ஓஎஸ்" என்று தொடங்கும். இரண்டாவது வெறும் "ஓஎஸ்". எண்ணிக்கை அட்டவணை ஒன்றிலும் செயல்பாட்டு விவரப் பட்டியல் மற்றொன்றிலும் இருந்தால் பொருந்தாத மரபணுக்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். எத்தனை உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன என்று ஒவ்வொரு இணைப்புக்கும் பின் எண்ணிப் பார்த்த வரி நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மாதிரிகளின் வரிசை. ஆர் நிரல்மொழியில் ஓடும், குழுக்களுக்கு இடையே மரபணு எண்ணிக்கைகளை ஒப்பிடும் டீசெக்2 தொகுப்பு, எண்ணிக்கை அட்டவணையின் முதல் நெடுவரிசையும் மாதிரி அட்டவணையின் முதல் வரியும் ஒரே மாதிரியைக் குறிக்கின்றன என்று நம்பித்தான் வேலை செய்கிறது. மாதிரிப் பெயர் "12எச்" என்பதுபோல எண்ணில் தொடங்கினால், ஆரின் "ரீட்.சி.எஸ்.வி." கட்டளை தானாகவே முன்னால் ஓர் "எக்ஸ்" சேர்த்துவிடும். பெயர்கள் பொருந்தவில்லையே என்று மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு வரிசையை நம்பி ஒட்டினால், கட்டுப்பாட்டு மாதிரி ஒன்று நோயுற்ற குழுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்புண்டு. இரண்டு பெயர் வரிசைகளும் சமமா என்று கேட்கும் ஒரே ஒரு வரி நிரல் இதைத் தடுக்கும். மனித, எலி மாதிரிகளில் மேலும் ஒரு சோதனை இலவசமாகவே கிடைக்கிறது: பெண் மாதிரியில் எக்ஸ்இஸ்ட் மரபணு உயர்ந்திருக்கும், ஆண் மாதிரியில் ஒய் குரோமோசோம் மரபணுக்கள் தெரியும். பதிவேட்டில் பெண் என்று எழுதிய மாதிரியில் ஒய் மரபணு வந்தால் குழாய் மாறியிருக்கிறது.

இனி நாங்கள் மிகவும் அஞ்சும் பிழைக்கு வருகிறோம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு மரபணுவின் சராசரி எண்ணிக்கை தொற்று இல்லாத செடியில் 100, தொற்று உள்ள செடியில் 800 என்று கொள்வோம். எட்டு மடங்கு உயர்வு. லாக்2 கணக்கில் (2இன் அடுக்காகச் சொன்னால்) +3. இப்போது மாணவர் தன் மாதிரி அட்டவணையில் ஆங்கிலத்தில் "இன்ஃபெக்டட்", "அன்இன்ஃபெக்டட்" என்று எழுதியிருக்கிறார். எது அடிப்படைக் குழு என்று நாம் சொல்லாவிட்டால் ஆர் ஆங்கில அகர வரிசையில் முதலில் வருவதை அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். "இன்ஃபெக்டட்" ஐ எழுத்தில் தொடங்குகிறது. "அன்இன்ஃபெக்டட்" யு எழுத்தில். ஆகவே தொற்றுள்ள குழுவே அடிப்படையாகிவிடும். வெளிவரும் விடை −3. பி மதிப்பு (வேறுபாடு வெறும் தற்செயலாக இருக்கக்கூடுமா என்று எடைபோட உதவும் எண்) மாறாது, மரபணுக்களின் எண்ணிக்கை மாறாது, பிழைச் செய்தி எதுவும் வராது. வால்கனோ பிளாட் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறி, அதே அழகோடு நிற்கும். அதை நம்பி, தொற்றின்போது அடங்கிய மரபணுக்கள் என்று இருபது பக்கம் எழுதலாம். அவை எல்லாமே உயர்ந்தவை.

"கேஸ்", "கன்ட்ரோல்" என்று எழுதினாலும் தலைகீழ்தான். "மியூட்டன்ட்", "வைல்ட்டைப்" என்றாலும் அதே கதை. "நார்மல்", "டியூமர்" என்று எழுதியவர் தப்பிக்கிறார், அதுவும் அகர வரிசையின் தயவில். டீசெக்2இன் விடை அட்டவணையைத் திரையில் அச்சிட்டால் தலைப்பிலேயே எது எதற்கு எதிராக ஒப்பிடப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அதைச் சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் அந்த வரி காணாமல் போய்விடும். எக்செல்லில் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மருந்து "ரீலெவல்" என்று, அடிப்படைக் குழுவைக் குறிக்கும் ஒரு கட்டளை. அத்துடன், ஏற்கனவே விடை தெரிந்த ஒரு மரபணுவைக் கையால் பார்த்துவிட வேண்டும். ஒரு மரபணுவை வேண்டுமென்றே ஒடுக்கிச் செய்த சோதனையில் அந்த மரபணுவே உயர்ந்திருப்பதாகப் பட்டியல் சொன்னால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து, மரபணு வெளிப்பாட்டை வைத்து எந்தப் புற்றுநோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று கணிக்கும் கட்டுரைகள் 2006 முதல் வந்தன. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் வெளியான தரவை வைத்தே அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல்கள் ஒரு வரி நழுவியிருந்தன. ஒவ்வொரு எண்ணும் அடுத்த மரபணுவின் பெயரோடு ஒட்டியிருந்தது. சில மருந்துகளில் "கேட்கும்", "கேட்காது" என்ற குறிகள் தலைகீழாக மாறியிருந்தன. 2009இல் அவர்கள் இதைப் புள்ளியியல் இதழொன்றில் வெளியிட்டபோது, அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளுக்கு மருந்து ஒதுக்கும் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. 2010இல்தான் அவை முழுமையாக நிறுத்தப்பட்டன. நிரலும் தரவும் கட்டுரையோடு வந்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

எண்ணிக்கை அட்டவணை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகத் தொடுகிறோம். இப்போது பரவலாகப் பயன்படும் டி.யு.டி.பி. முறை லைப்ரரியில் (சீக்வென்சருக்காகத் தயாரித்த மாதிரியில்) ரீடுகள் மரபணுவின் எதிர் இழையில் விழும். ரீடுகளை மரபணுவாரியாக எண்ணும் எச்.டி.செக் கருவியின் இயல்பு அமைப்பு நேர் இழையை எதிர்பார்க்கிறது. மாற்றாமல் ஓட்டினால் பெரும்பாலான ரீடுகள் எந்த மரபணுவிலும் சேராமல் வீணாகும். சேர்ந்தவையும் பக்கத்து எதிரிழை மரபணுவின் கணக்கில் போகும். ரீடுகளை மரபணுத்தொகையில் பொருத்தும் ஸ்டார் அலைனர் தரும் மரபணுவாரிக் கோப்பில் நான்கு நெடுவரிசைகள்: பெயர், இழை பாராமல் எண்ணியது, நேர், எதிர். மூன்றாம், நான்காம் நெடுவரிசைகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தாலே லைப்ரரி எந்த வகை என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

டீசெக்2, அதே வேலையைச் செய்யும் எட்ஜ்ஆர் இரண்டுக்கும் தர வேண்டியது திருத்தப்படாத முழு எண்ணிக்கைகள். மரபணு நீளத்துக்கு ஏற்பத் திருத்திய எஃப்.பி.கே.எம்., டி.பி.எம். மதிப்புகளை முழு எண்ணாக்கி உள்ளே தள்ளுவதை ஆய்வேடுகளில் இன்னும் பார்க்கிறோம். 10 ரீடில் கிடைத்த மதிப்புக்கும் 10,000 ரீடில் கிடைத்த மதிப்புக்கும் நம்பகத்தன்மை வேறு. அந்த வேறுபாட்டை இந்த மென்பொருள்கள் எண்ணிக்கையின் அளவிலிருந்தே கணிக்கின்றன. மரபணுவின் நீளத்தால் வகுத்தபின் அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. மென்பொருள் அப்போதும் விடை தரும். அதுதான் ஆபத்து.

ரெப்ளிகேட் (ஒரே நிலையில் எடுத்த தனித்தனி மாதிரிகள்) விஷயத்தில் குழுவினர் சினாப்சிஸ் கட்டத்திலேயே கறாராக இருக்க வேண்டும். பேக்கர்ஸ் ஈஸ்டில் இரு நிலைகளுக்கும் தலா 48 ரெப்ளிகேட் செய்து பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. அதிலிருந்து மூன்று மூன்றாக எடுத்துச் சோதித்தபோது, பழுதானவை நீக்கியபின் எஞ்சிய 42ஐயும் வைத்துக் கண்ட மரபணுக்களில் 20 முதல் 40 சதவீதத்தைத்தான் பெரும்பாலான மென்பொருள்கள் பிடித்தன. குறைந்தது ஆறு வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. செலவு தெரிந்துதான் சொல்கிறோம். ஒரே நிதிக்குள் நான்கு நிலைகளில் மூன்று மூன்றாகச் செய்வதைவிட இரண்டு நிலைகளில் ஆறு ஆறாகச் செய்வது மேல். ரீடுகளின் ஆழத்தைக் குறைத்து அந்தப் பணத்தில் மாதிரிகளைக் கூட்டுவதும் பெரும்பாலும் நல்ல பேரம்.

ஒற்றைச் செல் ஆய்வுகள் வந்தபின் இந்தக் கணக்கு இன்னும் குழம்பிவிட்டது. ஒரு நோயாளியிடமிருந்து 5,000 செல்கள் கிடைத்தால் ரெப்ளிகேட் 5,000 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். அந்தப் பானையிலிருந்து ஐயாயிரம் பருக்கை எடுத்துப் பார்த்தாலும் ஊரில் எல்லா வீட்டுச் சோறும் வெந்ததா என்று தெரியாது. செல்களை ஆளுக்கு ஒரு கூட்டுத்தொகையாகச் சுருக்கி, ஆள்களின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதே முறை. அப்படிச் சுருக்கியதும் "மிக முக்கியமான" மரபணுக்கள் பல காணாமல் போகும். போகட்டும்.

பேட்ச் (ஒரே வேளையில் சேர்த்துக் கையாண்ட மாதிரிகளின் தொகுதி) என்பது இதன் உடன்பிறப்பு. கட்டுப்பாட்டு மாதிரிகளை ஜூனிலும் நோய் மாதிரிகளை டிசம்பரிலும் பிரித்தெடுத்தால், தெரியும் வேறுபாடு நோயாலா, பருவத்தாலா, கிட் மாறியதாலா என்று எந்த மென்பொருளும் சொல்ல முடியாது. இரண்டும் முழுக்க ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் டீசெக்2 கணக்குப் போடவே மறுத்துப் பிழைச் செய்தி தரும். உடனே மாணவர் பேட்ச் நெடுவரிசையை நீக்கிவிட்டு ஓட்டுவார், ஓடிவிடும். பேட்ச் நீக்கப்பட்ட அந்த வரி நிரலில் இருக்கும். படத்தில் இருக்காது.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம், எலி மரபணுத்தொகையை ஆராய்ந்த மவுஸ் என்கோட் கூட்டுத்திட்டம். மனிதன், எலி இரண்டின் திசுக்களையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மனித இதயம் எலி இதயத்தைவிட மனிதனின் பிற திசுக்களோடுதான் நெருங்கியிருக்கிறது என்றது. யோவாவ் கிலாட், ஓர்னா மிஸ்ராஹி-மான் இருவரும் ஃபாஸ்ட்க்யூ கோப்புகளில் ஒவ்வொரு ரீடின் தலைப்பு வரியையும் பார்த்தார்கள். அந்த வரியில் சீக்வென்சர் எது, எத்தனையாவது ஓட்டம், எந்த ஃப்ளோசெல், எந்த லேன் என்பதெல்லாம் இருக்கும். பெரும்பாலும் மனித மாதிரிகள் ஒரு ஓட்டத்திலும் எலி மாதிரிகள் வேறொன்றிலும் போயிருந்தது அதிலிருந்து தெரிந்தது. அதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது இதயம் இதயத்தோடும் கல்லீரல் கல்லீரலோடும் சேர்ந்தன. எந்தத் தரப்பு சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் மாணவரின் கோப்புகளிலும் அதே தலைப்பு வரி இருக்கிறது. முதல் வரியை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னால் போதும்.

பி மதிப்பைப் பற்றி நீட்ட வேண்டாம். 20,000 மரபணுக்களைச் சோதித்து 0.05இல் கோடு போட்டால், எந்த வேறுபாடும் இல்லாத தரவிலும் 1,000 மரபணுக்கள் தற்செயலாகத் தேறும். ஆகவே பல சோதனைகளைச் செய்வதற்கு ஈடுகட்டும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் செய்த மதிப்பையே வாசிக்க வேண்டும். டீசெக்2இல் அந்த நெடுவரிசை வெறுமையாக, "என்.ஏ." என்று வருவதுண்டு. அதை 0 என்று மாற்றியவர்களும் இருக்கிறார்கள். மாற்றினால் ஒன்றுமில்லாத மரபணு பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். எல்லா மாதிரியிலும் எண்ணிக்கை பூச்சியம் என்றாலோ, ஒரு மாதிரி மட்டும் அளவுக்கு மீறித் துருத்தினாலோ, சராசரி மிகக் குறைவென்று வடிகட்டப்பட்டாலோ "என்.ஏ." வரும். வடிகட்டலின் இயல்பு அமைப்பு 0.1க்கு ஏற்றது. 0.05இல் முடிவெடுப்பவர் அதை "ஆல்ஃபா"வில் எழுத வேண்டும்.

இப்போது படங்கள். ஹீட்மேப்தான் வைவாவில் எல்லோரையும் மயக்குவது: இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு, வலப்பக்கம் முழுக்க நீலம், மேலே கிளைப்படம் இரு குழுக்களையும் கச்சிதமாகப் பிரிக்கிறது. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆரில் 20,000 வரி, ஆறு நெடுவரிசை கொண்ட அணியை வெறும் தற்செயல் எண்களால் நிரப்புங்கள். முதல் மூன்றுக்கு அ, அடுத்த மூன்றுக்கு ஆ என்று பெயர் வையுங்கள். வரிக்கு வரி டி-சோதனை செய்து, பி மதிப்பு மிகக் குறைந்த 50 வரிகளை மட்டும் எடுத்து ஹீட்மேப் வரையுங்கள். அ ஒரு பக்கம், ஆ ஒரு பக்கம் என்று அப்பட்டமாகப் பிரிந்து நிற்கும். குழுக்களைப் பிரிக்கும் மரபணுக்களைப் பொறுக்கியெடுத்துவிட்டு, பார், குழுக்கள் பிரிகின்றன என்று காட்டினால் அதில் வியக்க என்ன இருக்கிறது? பத்து வரி நிரல்தான். முதல் வகுப்பிலேயே இதைச் செய்துகாட்டப் பாடத்திட்டக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஹீட்மேப்பில் இன்னொரு மறைவிடம், வரிவாரியாகச் சமன்செய்தல். அதைச் செய்தபின், எண்ணிக்கை 3இலிருந்து 6க்குப் போன மரபணுவும் 3,000இலிருந்து 6,000க்குப் போன மரபணுவும் ஒரே சிவப்பில் தெரியும். சமன்செய்வது தவறில்லை. ஆனால் வண்ண அளவுகோலின் பக்கத்தில் அது இசட் மதிப்பு என்று எழுத வேண்டும். பக்கவாட்டில் சராசரி எண்ணிக்கைக்கும் ஒரு பட்டை இருந்தால் நல்லது. சிவப்பு–பச்சை ஜோடியை விட்டுவிடுங்கள். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு அந்த இரண்டும் ஒன்றுதான். தேர்வாளரே அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம்.

மாதிரிகளைப் பற்றி நேர்மையாகப் பேசும் படம், ஒத்த மாதிரிகளை அருகருகே புள்ளிகளாக வைக்கும் பி.சி.ஏ. அதை முதலில் கேளுங்கள். டீசெக்2இன் பி.சி.ஏ. கட்டளை, மிக அதிகம் மாறும் 500 மரபணுக்களை மட்டும் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. குழுப் பெயர்களைப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. ஆனால் எண்ணிக்கைகளின் சிதறலைச் சமப்படுத்தும் வி.எஸ்.டி. மாற்றம் செய்தபின்தான் அதை வரைய வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை மிகுந்த நாலைந்து மரபணுக்களே முழுப் படத்தையும் இழுத்துக்கொள்ளும். அதே புள்ளிகளுக்கு ஒரு முறை சிகிச்சைப்படி வண்ணம், மறுமுறை பிரித்தெடுத்த தேதிப்படி வண்ணம் என்று இரண்டு படம் கேளுங்கள். இரண்டாவதில் வண்ணங்கள் அழகாகப் பிரிந்தால் கவலைப்பட வேண்டிய நேரம் அது. ஒற்றைச் செல்களைக் கொத்துகளாகக் காட்டும் யுமாப், டி-ஸ்னே படங்களில் கொத்துகளுக்கு இடையிலான தூரத்தை வைத்து "இந்தச் செல்வகை அதற்கு நெருங்கிய உறவு" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அந்தத் தூரத்துக்குப் பொருள் கொள்ள முடியாது.

வால்கனோ பிளாட்டில் லாக்2 மதிப்பு 20, 25 என்று ஓரத்தில் தனியே நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் ஒரு குழுவில் பூச்சியமும் மறு குழுவில் சில ரீடுகளும் உள்ள மரபணுக்கள். "எல்.எஃப்.சி.ஷ்ரிங்க்" கட்டளையால் நம்பகம் குறைந்த மதிப்புகளைச் சுருக்கியதும் அவை நடுவுக்கு வந்துவிடும். அந்த மரபணுக்களைத்தான் "அதிகம் உயர்ந்த முதல் பத்து" என்று அட்டவணை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட்2இல் ஒரு பொறி உண்டு, படத்திலிருந்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அச்சின் எல்லையைச் சுருக்க "ஒய்லிம்" என்று எழுதினால், எல்லைக்கு வெளியே உள்ள மதிப்புகளை அது தரவிலிருந்தே எடுத்தெறிந்துவிட்டுப் பிறகுதான் கணக்குப் போடும். பாக்ஸ் பிளாட்டில் நடுக்கோடே இடம் மாறிவிடும். எத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்று ஒரு எச்சரிக்கை மட்டும் திரையில் ஓடும். அதை யாரும் படிப்பதில்லை. பெரிதாக்கிக் காட்ட மட்டும் வேண்டுமென்றால் "கோஆர்ட்_கார்டீசியன்" என்று எழுத வேண்டும். மூன்று மதிப்புகளுக்கு ஒரு தூணும் மேலே ஒரு மீசையும் வரைவதையும் நிறுத்தலாம். மூன்று புள்ளிகளையே வைத்தால் இடமும் மிச்சம், உண்மையும் தெரியும்.

இதற்கெல்லாம் கணினி வசதி எங்கே என்பது நியாயமான கேள்விதான். மனித மரபணுத்தொகையில் ஸ்டார் ஓட்ட 30 ஜி.பி. அளவுக்கு நினைவகம் வேண்டும். அது எல்லாத் துறையிலும் இருக்காது. அதே வேலையைச் செய்யும் ஹைசாட்2 என்றால் 8 ஜி.பி. மடிக்கணினியே போதும். கேலக்சி இணையதளத்தில் அந்த வேலையை இலவசமாகவே செய்யலாம். எண்ணிக்கை அட்டவணை கைக்கு வந்தபின் சுமை ஒன்றுமில்லை: 60,000 வரி, 12 நெடுவரிசை என்றால் சில எம்.பி.தான். ஆர், அதற்கான உயிரியல் தொகுப்புகளின் களஞ்சியமான பயோகண்டக்டர், ஜிஜிபிளாட்2 எல்லாம் இலவசம். உரிமக் கட்டணம் கட்டி வாங்கும் புள்ளியியல் மென்பொருளில் இந்தத் தரவை டி-சோதனை செய்ய வைப்பதில் செலவும் கூடுதல், விடையும் பிழை.

ஆகவே பாடத்திட்டக் குழுவுக்குச் சொல்வது: உயிர்ப்புள்ளியியல் தாளில் கையால் போடும் கணக்கில் பாதியைக் குறைத்து, வாரம் மூன்று மணி நேரம் ஆர் ஆய்வகம் வையுங்கள். வெளிவந்த ஒரு கட்டுரையின் எண்ணிக்கை அட்டவணையை ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, அதில் உள்ள ஒரு படத்தை மறுபடி வரைவதே பருவத் தேர்வாக இருக்கட்டும். எத்தனை முறை வராமல் போகிறது என்பதே மாணவருக்குப் பாடம். நெறியாளர்களுக்கு: வெளி நிறுவனத்துக்கு வேலை ஆணை தரும்போதே, நிரலும் மென்பொருள் பதிப்பு எண்களும் தர வேண்டும் என்று ஆணையில் ஒரு வரி எழுதுங்கள், பணம் கட்டியபின் கேட்டால் கிடைப்பது அரிது. மூலத் தரவை ஃபரிதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ ஜியோவிலோ பதிவு செய்து, அந்த எண்ணை ஆய்வேட்டில் போடச் சொல்லுங்கள்.

தேர்வாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வைவாவுக்கு மாணவர் மடிக்கணினியோடு வரட்டும். ஆய்வேட்டில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, அதை அங்கேயே வரையச் சொல்லுங்கள். எண்ணிக்கை அட்டவணையிலிருந்து தொடங்கினால் 12 மாதிரிக்குச் சில நிமிடம்தான் ஆகும். தேநீர் வருவதற்குள் முடிந்துவிடும். புள்ளிகள் அதே இடத்தில் விழுகின்றனவா, தலைப்பு வரியில் எது எதற்கு எதிராக என்று இருக்கிறது, பேட்ச் நெடுவரிசை நிரலில் உண்டா என்று பாருங்கள். பயோகண்டக்டர் ஆண்டுக்கு இரு முறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது. அதனால் மடிக்கணினியை மூடுவதற்கு முன் "செஷன்இன்ஃபோ" என்ற, மென்பொருள் பதிப்புகளைக் காட்டும் கட்டளையை ஒரு தடவை ஓட்டச் சொல்லி, அதில் வரும் எண்களும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அச்சிட்ட எண்களும் ஒன்றா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மரபணுத்தொகைத் தரவோடு அன்றாடம் வேலை செய்யும் புள்ளியியலாளர்கள், உயிர்த்தகவலியல் பயிற்றுநர்கள் சிலர்